காரோடு வந்த செட்டுக்கு சப்வூஃபர்: சீட்டுக்கடியிலா, டிக்கியிலா?

மலையக வீதிகளில் அதிகம் தென்படும் சின்னக் கார்களில், ஆல்ட்டோவோ வேகன் ஆரோ விட்ஸோ அக்வாவோ, காரோடு வந்த ரேடியோ செட்டில் செய்தி தெளிவாகக் கேட்கும், பாடகரின் குரல் கேட்கும், அடி, அதாவது பாஸ் எனப்படும் கனத்த கீழ் ஒலி, மட்டும் காணாமல் போய்விடும். முகப்பில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது 15 முதல் 20 வாட்தான். அதை வாங்கிக்கொள்ளும் ஸ்பீக்கர் 10 முதல் 16 சென்ரிமீற்றர் அகலம். அது உட்கார்ந்திருப்பதோ ஓட்டைகள் நிறைந்த மெல்லிய தகட்டில். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 80 ஹெர்ட்ஸுக்குக் (ஒலி அதிர்வின் அளவு; எண் குறையக் குறைய ஒலி கனக்கும்) கீழே மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

இதற்கு மருந்து கேட்டுக் கடைக்குப் போனால், பல இடங்களில் முதலில் காட்டப்படுவது டிக்கியை நிறைக்கும் 12 அங்குலப் பெட்டி. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஏறி இறங்கும் 660 சிசி வண்டிக்கு அது பெரும்பாலும் தவறான தெரிவு. இந்தப் பிரதேசத்தில் எதைப் போடுவது என்பதை இடமும் ஈரமும் கரண்டுமே தீர்மானிக்கின்றன. சத்தம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். சின்னக் காருக்கு நாம் முதலில் சொல்வது இதுதான்: முன் கதவுகளைச் சரிசெய்து, அம்ப் (ஒலிச் சிக்னலுக்குச் சக்தி தரும் பெருக்கி) உள்ளடங்கிய சிறிய சப் (கீழ் ஒலிக்கென்றே செய்த ஸ்பீக்கரான சப்வூஃபர்) ஒன்றை சீட்டுக்கடியில் வைப்பது. அது போதாதவர்களுக்கு டிக்கியில் 10 அங்குல மூடிய பெட்டி. 12 அங்குலத்துக்கு நியாயம் இருப்பது வேனில் மட்டும்.

என்ன குறைகிறது என்று முதலில் பாருங்கள்

‘பாஸ் இல்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது சப்வூஃபர் அல்ல. காய்ச்சி இறுக்கிய தப்பின் அடி, மிருதங்கத்தின் கனம், ஆண் குரலின் நெஞ்சொலி எல்லாம் பெரும்பாலும் 80 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. அது கதவு ஸ்பீக்கரின் வேலை. இப்போதைய சினிமாப் பாட்டுகளில் கணினியில் செய்த அடி 40, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அது சப்வூஃபரின் வேலை. கதவைச் சரிசெய்யாமல் சப் மட்டும் போட்டால், கீழே ஓர் அதிர்வும் மேலே குரலும் இருக்கும், நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அப்போது பள்ளத்தை நிரப்ப சப்பைக் கூட்டுவோம், காது வலிக்கும், தப்பின் அடி மட்டும் வராது.

கதவு வேலைக்குச் செலவு குறைவு. கதவின் உள் அட்டையைக் கழற்றி, உள்ளே தெரியும் வெளித்தகட்டில் 2 மில்லிமீற்றர் பியூட்டைல் ஷீட் ஒட்ட வேண்டும். முன் கதவு இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீற்றர் போதும். தார் கலந்த மலிவு ஷீட் மலையகக் குளிரில் சரியாக ஒட்டாது, நடுப்பகல் வெயிலில் இளகி விழும். அதைத் தவிர்ப்பது நல்லது. பியூட்டைலும் குளிர்ந்த தகட்டில் தயங்கும். தலைமுடி உலர்த்தியால் தகட்டைச் சூடாக்கி, ஈரம் முழுவதும் போன பிறகு உருளையால் அழுத்தி ஒட்டுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஷீட் மூடினால் ஒரு மழைக்காலத்திலேயே கதவுக்குள் தண்ணீர் தேங்கி அடித்தகடு துருப்பிடிக்கத் தொடங்கும். அடுத்தது, உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் உறை. வேலை முடிந்ததும் அதைப் பழையபடி முழுச் சுற்றும் ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீரை உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அது கிழிந்த காரில் தரைக் கார்ப்பெட் ஈரமாகும், அந்த ஈரம் சீட்டுக்கடியில் இருக்கும் அம்பைத் தேடிப் போகும்.

ஸ்பீக்கர் மாற்றுவதானால் அதன் அடியில் வைக்கும் வளையத்தை எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெட்ட வேண்டாம். கதவுக்குள் இருக்கும் ஈரத்தில் அது ஊதி, ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். தடித்த பிளாஸ்டிக் வெட்டுப்பலகையிலிருந்து வெட்டிய வளையம் மழைக்கு அசையாது.

சீட்டுக்கடியில் வைக்கும் ஆக்டிவ் சப்

தட்டையான அலுமினிய உறைக்குள் 8 அங்குல ஸ்பீக்கரும் அதற்கான அம்பும் சேர்ந்தே வரும். பொதுவான அளவு 28 × 20 × 7 சென்ரிமீற்றர் அளவில் தொடங்கி, கொஞ்சம் பெரியவை 35 × 25 வரை போகும். உறையில் 150, 160 வாட் என்று இருந்தாலும் தொடர்ந்து தருவது 50 முதல் 75 வாட். விலை கூடியவை 125 வரை. வாங்கும்போது ‘ஆர்.எம்.எஸ்’ (தொடர்ந்து தரும் வாட்) என்று எழுதிய எண்ணை மட்டும் பாருங்கள். நன்றாகச் செய்தவை 45 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக ஒலிக்கும். வாகனத்தை நடுங்க வைக்காது. பாட்டு முழுமையாகக் கேட்கும்.

நன்மைகள் தெளிவானவை. டிக்கி முழுவதும் மிஞ்சுகிறது. சந்தைக்கு மரக்கறி ஏற்றுபவருக்கும், பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் குடும்பத்துக்கும் இது சின்ன விஷயமல்ல. எடை 3 முதல் 6 கிலோ. சராசரியாக இழுப்பது 1 முதல் 2 ஆம்பியர். ஸ்பீக்கர் வயரிலிருந்தே நேராக சிக்னல் எடுத்துக்கொள்ளும் வசதி அனேகமாக எல்லாவற்றிலும் உண்டு. கழற்றி அடுத்த காருக்கும் கொண்டுபோகலாம்.

ஆனால் எந்த சீட்டுக்கடியில் என்பது காருக்குக் கார் மாறும். இதை அளக்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஹொண்டா ஃபிட், வெசல் போன்றவற்றில் பெற்றோல் தாங்கி முன் சீட்டுகளுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே தரையில் ஸ்க்ரூ இறக்குவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சீட் ரெயிலின் போல்ட்டில் தகட்டுப் பட்டி கோர்த்துக் கட்டலாம், அல்லது அகலமான வெல்க்ரோவால் கார்ப்பெட்டில் பிடிக்கலாம். மைல்ட் ஹைபிரிட் வேகன் ஆர்களில் லித்தியம் பெட்டரி இடதுபக்க முன் சீட்டுக்கடியில் இருக்கிறது. அங்கே இடமும் இல்லை, கைவைக்கவும் கூடாது. சாரதி சீட்டின் அடியை அளந்து பாருங்கள். எல்லாக் கார்களிலும் சீட்டுக்கடியில் மஞ்சள் நிற இணைப்பி தெரிந்தால் அது எயார்பேக், சீட்பெல்ட் சம்பந்தப்பட்டது. சாவி போட்ட நிலையில் அதைக் கழற்றினால் டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிற்கும், தவறாகத் தொட்டால் ஆபத்தும் உண்டு.

உயரத்தை அளக்கும்போது சீட்டில் கனமான ஒருவரை உட்கார வையுங்கள். வெறும் சீட்டில் 9 சென்ரிமீற்றர் காட்டும் இடைவெளி ஆள் உட்கார்ந்ததும் 7 ஆகிவிடும். சீட்டை முன் கடைசிக்கும் பின் கடைசிக்கும் நகர்த்தி, ரெயிலின் குறுக்குக் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு சங்கதி ஹீட்டர். கொழும்பில் யாரும் அதைத் தொடுவதில்லை. நுவரெலியாவிலும் அப்புத்தளையிலும் மார்கழி, தை இரவுகளில் அது இல்லாமல் முடியாது. பல கார்களில் பின் சீட்டுக்காரரின் காலுக்குச் சூடான காற்று கொண்டுபோகும் குழாய் முன் சீட்டுக்கடியில்தான் திறக்கிறது. அதை சப் அடைத்தால் பின்னால் இருப்பவர் குளிரில் இருப்பார். சூடான காற்று நேராக அம்பின் மீது பட்டால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். குழாயின் வாய்க்கும் சப்புக்கும் இடையில் குறைந்தது 5 சென்ரிமீற்றர் விடுங்கள்.

ஈரம்தான் இந்த வகையின் முதல் எதிரி. நனைந்த செருப்பு, மடக்கிய குடை, தோட்டத்து மண் எல்லாம் வந்து சேரும் இடம் அந்தத் தரை. ஏசி தண்ணீர் வடியும் குழாய் அடைபட்டாலும் இடதுபக்கக் கார்ப்பெட் உள்ளுக்குள் ஊறும். பொருத்துவதற்கு முன் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் முதலில் அதன் மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கிக் காய வையுங்கள். சப்பை நேராகத் தரையில் வைக்காமல் நான்கு மூலையிலும் ஒரு சென்ரிமீற்றர் ரப்பர் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். இணைப்பிக்குப் போகும் வயர் கீழே ஒரு வளைவு இறங்கி மேலேறி நுழைய வேண்டும். தண்ணீர் வயரோடு ஓடி வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும். முனைகளில் சிலிகன் கிரீஸ் பூசினால் பச்சை பூப்பது நிற்கும். வேலைக்கு நாள் பார்ப்பதும் உதவும்: ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை ஓய்ந்த தை முதல் பங்குனி வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரையும் கார் உள்ளே காய்ந்திருக்கும்.

டிக்கியில் பெட்டி

தனி அம்பும் தனிப் பெட்டியும் தரும் அடி வேறு தரம், அதில் சந்தேகமில்லை. 150 வாட் தொடர்ந்து கொடுக்கும் ஒற்றைச் சானல் அம்பும் 10 அங்குல ஸ்பீக்கரும் சேர்ந்தால் சின்னக் காருக்கு மிகுதி. காரணம் காரின் உள்ளறையே. அறையின் நீளத்தின் இரு மடங்குக்குச் சமமான அலைநீளம் கொண்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி அலையாக ஓடாமல் முழு அறையையும் ஒரே நேரத்தில் அமுக்கத் தொடங்கும். இரண்டரை மீற்றர் உள்ளறைக்கு அந்த எல்லை 70 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. அதற்குக் கீழே கார் தானாகவே அடியைத் தூக்கிக் கொடுக்கிறது. மூடிய பெட்டி கீழ்நோக்கி மெல்லச் சரியும் வேகமும் கார் தூக்கிக் கொடுக்கும் வேகமும் ஏறத்தாழ ஒத்துப்போவதால் இரண்டும் சேர்ந்து சமமாகக் கேட்கும். துளை வைத்த போர்ட் பெட்டியில் இந்தத் தூக்கலும் சேர்ந்தால் 40, 50 ஹெர்ட்ஸ் மட்டும் வீங்கி, எல்லாப் பாட்டும் ஒரே உறுமலாகிவிடும்.

மூடிய பெட்டிக்கு உள்ளளவு 40 × 30 × 21 சென்ரிமீற்றர், அதாவது 25 லீற்றர், பெரும்பாலான 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பொருந்தும். 18 மில்லிமீற்றர் பலகையில் வெளியளவு 44 × 34 × 25 ஆகும். ஸ்பீக்கரோடு வரும் தாளில் சொன்ன கொள்ளளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பலகைதான் இங்கே தீர்மானம். எம்.டி.எஃப் கனமாகவும் சமமாகவும் இருப்பதால் எங்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெட்டிய விளிம்பு பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி காலையில் டிக்கியைத் திறந்து மூடுவதே போதும், சில வருடங்களில் மூட்டு பிளந்து காற்று கசியும். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. எம்.டி.எஃப் தான் என்றால், உள்ளேயும் வெளியேயும் எல்லா விளிம்புகளுக்கும் பாதித் தண்ணீர் கலந்த மரப்பசை இரண்டு தடவை பூசி, மேலே சீலர் அடித்த பிறகு கார்ப்பெட் ஒட்டுங்கள்.

எடையையும் கணக்கில் எடுங்கள். இந்தப் பெட்டி ஸ்பீக்கரும் அம்பும் சேர்த்து 16 கிலோ அளவில் வரும்; 12 அங்குல போர்ட் பெட்டி 25 கிலோவைத் தாண்டும். ரம்பொடை ஏற்றத்தில் நால்வரோடு ஏறும் சின்ன எஞ்சினுக்கு அது தெரியும். அதைவிட முக்கியம் பெட்டி நகராமல் இருப்பது. கொண்டை ஊசி வளைவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்கும் பெட்டி முதலில் டிக்கிப் பிளாஸ்டிக்கை உடைக்கும். திடீர் பிரேக்கில் பின் சீட் முதுகை நோக்கிப் பாயும். வெல்க்ரோ போதாது. டிக்கித் தரையில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் ‘எல்’ தகடு இரண்டு போட்டு இறுக்குங்கள். புதிதாகத் துளை போடுவதற்கு முன் காரின் கீழே படுத்துப் பார்த்தே ஆக வேண்டும்: பிரேக் குழாய், பெற்றோல் குழாய், ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற உயர் அழுத்த வயர் எல்லாம் அந்தத் தகட்டுக்கு அடுத்த பக்கம்தான் ஓடுகின்றன.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறிடத்திலோ ஜப்பான் காரில் கழற்றிய பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். ரப்பர் என்றால் எடுக்கலாம். ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். பொடி உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், ஈரமான காற்றில் அது அதிக காலம் நிற்காது. கடதாசிக் கூம்பைவிட பொலிபுரொப்பிலீன் கூம்பு இங்கே நல்லது.

உயரம் பற்றியும் ஒரு சொல். நுவரெலியா 1,868 மீற்றரில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரே கூம்பு ஒரே தூரம் அசைந்தாலும் ஒன்றரை டெசிபல் அளவு குறைவாகவே ஒலிக்கும். காதுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. கொழும்பில் கேட்ட அதே செட் மேலே வந்ததும் கொஞ்சம் மெலிந்தது போலத் தோன்றினால் இதுவும் ஒரு காரணம்.

ஸ்பெயார் வீலுக்குள் உட்காரும் வட்ட சப்பை நாம் பரிந்துரைப்பதில்லை. மழையில் பின் விளக்கு ரப்பர் வழியாக வரும் தண்ணீர் தேங்கும் குழி அதுதான். கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் டயர் போனால் இரவில் சப்பைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

செட்டை மாற்றிவிட்டால் என்ன?

ஜப்பானிலிருந்து நேராக வந்த கார்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. அங்கே எஃப்.எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 அளவில் முடிகிறது. புதியவை 95 வரை போகும். நமது நிலையங்கள் 87.5 முதல் 108 வரை பரவியிருப்பதால் சூரியனும் சக்தியும் தென்றலும் கேட்க பேண்ட் கன்வர்ட்டர் ஒன்று தேவை, அதுவும் சிக்னலைக் கொஞ்சம் கெடுக்கும். அப்படிப்பட்ட செட்டை வைத்துக்கொண்டு அதிலிருந்து சப்புக்கு சிக்னல் எடுப்பதைவிட, சப் அவுட் (சப்புக்கென்று தனி சிக்னல் வாய்) உள்ள நல்ல செட் ஒன்று போடுவது சுத்தமான வழி. சப் அளவை அதிலேயே கூட்டிக் குறைக்கலாம், கதவு ஸ்பீக்கருக்குக் கீழ் ஒலியை வெட்டவும் முடியும். மலிவான அண்ட்ரொயிட் செட்டில் ஏமாற வேண்டாம். பலவற்றில் சப் அவுட் பலவீனமானது, கார் நிற்கும்போதும் பெட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஸ்டீரிங் பட்டன், ரிவர்ஸ் கமரா, ஹைபிரிட் திரை எல்லாம் செட்டோடு பின்னிப்பிணைந்த காராக இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். அதிலிருந்தே சிக்னல் எடுக்கலாம்.

காரோடு வந்த செட்டிலிருந்து சிக்னல் எடுப்பது

ஆர்.சி.ஏ அவுட் (அம்புக்கு சிக்னல் தரும் தனிச் சொக்கெட்) இல்லாததால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே கிளை எடுக்க வேண்டும். அம்பில் ‘ஹை லெவல் இன்புட்’ இருந்தால் நேராகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சிக்னலை அம்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் லைன் அவுட் கன்வர்ட்டர் இடையில் வேண்டும். முன் ஸ்பீக்கர் வயரிலிருந்து எடுப்பதே மேல், ஏனெனில் பின்னால் யாரும் இல்லாதபோது ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் ஏற்பாடு) முன்னுக்குத் தள்ளினால் பின் ஸ்பீக்கரோடு சப்பும் ஊமையாகிவிடும். டொயோட்டாவில் செட்டுக்குப் பின்னால் 10 முள்ளும் 6 முள்ளும் கொண்ட இரண்டு சொக்கெட் இருக்கும். இடையில் சொருகும் ‘டி’ ஹார்னஸ் கிடைப்பதால் காரின் வயரை வெட்டத் தேவையில்லை.

ஸ்பீக்கர் நெகட்டிவ் வயரை ஒருபோதும் காரின் பொடியோடு (உடல் தகடு) இணைத்துக் கிரவுண்ட் செய்யக் கூடாது. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் பெட்டரியின் பாதி அளவு, அதாவது 6 வோல்ட் போல நிற்கும். ஒன்றைப் பொடியில் தொட்டால் சிப் போய்விடும். எது எந்த ஸ்பீக்கர் என்று தெரியாவிட்டால் சொக்கெட்டைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் டோர்ச் பெட்டரியை இரண்டு வயரிலும் ஒரு கணம் தொடுங்கள். அந்த ஸ்பீக்கர் ‘டக்’ என்னும். கூம்பு வெளியே தள்ளினால் பெட்டரியின் பொசிட்டிவ் தொட்ட வயர்தான் பொசிட்டிவ்.

பல செட்களில் ஒலியைக் கூட்டக் கூட்டச் சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற அடியைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. போனில் 40 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டையும் மாறிமாறி ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயரில் மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். மெல்லிய ஒலியில் இரண்டும் சமமாகவும், முக்கால் வொலியூமில் 40 மட்டும் பாதியாகவும் இருந்தால் செட் வெட்டுகிறது. அப்போது பெரிய அம்ப் வாங்கினாலும் பயனில்லை. நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வொலியூமில் சப்பைச் சரிசெய்துகொள்வது ஒரு வழி. அடியை மீட்டுத் தரும் கன்வர்ட்டர் போடுவது மற்றது.

கதவு ஸ்பீக்கரைக் கீழ் ஒலியிலிருந்து விடுவிக்க, 4 ஓம் ஸ்பீக்கரின் பொசிட்டிவ் வயரில் 470 மைக்ரோஃபரட் நொன்-போலார் கெப்பாசிட்டர் ஒன்றை வரிசையில் போடலாம். 85 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே அது மெல்ல வெட்டும். சப்புக்கான கிளையைக் கெப்பாசிட்டருக்கு முன்னால், செட்டின் பக்கம் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் சப்புக்கே அடி போகாது.

கரண்ட்

அடைமழையும் மூடுபனியுமாக இரவில் ஓடும்போது ஹெட்லைட், ஃபொக் லைட், வைப்பர், புளோவர், பின் கண்ணாடிச் சூடாக்கி எல்லாம் ஒன்றாக வேலை செய்கின்றன. டவுன் நெரிசலில் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஓல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் ஒரு பங்குதான் கொடுக்கும். அந்த நேரத்தில் சப் எவ்வளவு கேட்கிறது என்பதுதான் கணக்கு. 300 வாட் டி வகுப்பு அம்ப் 80 வீதத் திறனில் உச்சத்தில் 27 ஆம்பியர் இழுக்கும். பாட்டில் சராசரி அதன் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. அடி விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் அம்ப் காருக்குப் பெரிது, அல்லது கிரவுண்ட் சரியில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கிரவுண்ட் வயர் 50 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. பெயின்டைப் பளபளக்கும் தகடு வரை சுரண்டி, போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கி, மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசுங்கள். சுரண்டிவிட்டு அப்படியே விட்டால் மலையகத்து ஈரத்தில் துரு ஏறி, சில மாதங்களில் ‘ஙீ’ என்ற எஞ்சின் இரைச்சல் கேட்கத் தொடங்கும். சீட்பெல்ட் போல்ட்டைக் கிரவுண்டுக்குப் பயன்படுத்துவது தவறு.

பொசிட்டிவ் வயரில் பெட்டரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். சீட்டுக்கடி சப்புக்கு 15 ஆம்பியரும் 2.5 முதல் 4 சதுர மில்லிமீற்றர் வயரும், 300 வாட் அம்புக்கு 40 ஆம்பியரும் 8 கேஜ் செப்பு வயரும். மலிவு வயர் கிட்டில் வருவது செப்பு முலாம் பூசிய அலுமினியம். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது கரண்டைக் குறைவாகக் கடத்தும், ஈரத்தில் முனை பொரிந்துவிடும். அதைத்தான் போடுவதென்றால் இரண்டு அளவு தடித்ததாகப் போடுங்கள். தகட்டுத் துளை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அந்தச் சின்னப் பொருள் இல்லாமல் தீப்பிடித்தால் முழு வாகனமும் போகும்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 12 வோல்ட் பெட்டரி டிக்கியின் வலது மூலையிலும், அக்வாவில் பின் சீட்டின் வலது அடியிலும் இருக்கிறது. ஆகவே டிக்கிப் பெட்டிக்குக் குறுகிய வயரே போதும். அந்தப் பெட்டரி சின்னது என்பதையும் மறக்கக் கூடாது: கார் ‘ரெடி’ ஆகாத நிலையில் செட்டை ஓடவிட்டால் சீக்கிரம் இறங்கி, கார் எழும்பவே மறுக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு காரை அணைத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டுப் பெட்டரியின் நெகட்டிவில் மல்டிமீற்றரை வரிசையில் வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்கு மேல் இருந்தால் சப் தூங்கவில்லை. சிக்னலைப் பார்த்துத் தானே எழும்பும் வசதியை நிறுத்திவிட்டு, ரிமோட் வயரை (அம்பை எழுப்பும் வயர்) சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏசிசி பியூஸிலிருந்து கொடுங்கள்.

அளவு வைப்பது

செட்டின் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். சப்பின் லோ பாஸ் (சப் ஒலிக்கும் மேல் எல்லை) 80 ஹெர்ட்ஸ். கெயினை (சப்பின் ஒலி அளவுத் திருகி) முழுவதும் குறைத்து, வழக்கமான பாட்டொன்றை முக்கால் வொலியூமில் போட்டு, கெயினை மெல்லக் கூட்டுங்கள். சப் எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் குறைத்து நிறுத்துங்கள். தனி அம்புக்கு மல்டிமீற்றர் உதவும்: 4 ஓமில் 150 வாட் என்றால் 50 ஹெர்ட்ஸ் ஒலியில் அம்பின் வாயில் 24.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அளக்கும்போது சப் வயரைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஃபேஸ் சுவிட்சை (கூம்பு அசையும் திசையை மாற்றுவது) 0, 180 இரண்டிலும் மாற்றி, சாரதி சீட்டில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். கிறுகிறு சத்தம் வந்தால் முதலில் பின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பின்னால் ஃபோம் டேப் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கெயினை அதிகம் வைக்காமலிருக்க இன்னொரு காரணம் வீதி. கனத்த அடி காதில் மேல் ஒலிகளை மறைக்கும். வளைவுக்கு அப்பாலிருந்து பஸ் கொடுக்கும் ஹோர்ன் கேட்காமல் போனால் அந்த இடத்தில் விலக இடமிருக்காது. லயன் அறைகள் ஒரே சுவரைப் பகிர்வதால், இரவில் வாசலில் நிறுத்திப் போடும் பாட்டின் அடி வரிசை முழுவதும் போகும். ஊருக்குள் நுழையும்போது சப்பைக் குறைக்க ரிமோட் திருகியை டாஷ்போர்டில் எட்டும் இடத்தில் பூட்டுங்கள்.

வேனுக்கு மட்டும் வேறு கணக்கு

ஹையேஸ் போன்ற வேனின் உள்ளறை நாலரை மீற்றர் என்று வைத்தால், மேலே சொன்ன தூக்கல் 38 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்குகிறது. பாட்டின் அடி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் வேன் எதையும் இனாமாகத் தருவதில்லை. சீட்டுக்கடி சப் அங்கே தொலைந்து போகும். 12 அங்குலமும் 50 லீற்றர் அளவில் 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி வைத்த போர்ட் பெட்டியும் 300 வாட் அம்பும் இங்கே பொருத்தம். பெட்டியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் வைத்தால் பின்னால் இருப்பவர் அவதிப்படுவார், முன்னால் இருப்பவருக்குக் கேட்காது. நடு வரிசை சீட்டுக்கடியில் இடம் கிடைத்தால் அங்கே வைத்து, ஸ்பீக்கர் முகத்தைப் பக்கத் தகட்டை நோக்கித் திருப்புங்கள். கம்பி வலை கட்டாயம், பயணப் பைகள் கூம்பைக் கிழிக்கும்.

சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியில் இரவு முழுக்க நிற்கும் ஹயர் வேன்களுக்கு இது: எஞ்சினை அணைத்துவிட்டு சராசரி 10 ஆம்பியர் இழுக்கும் செட்டைப் போட்டால், 60 ஆம்பியர்-மணி பெட்டரி மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். விடியற்காலைக் குளிரில் டீசல் எஞ்சினைச் சுற்ற அந்தப் பாதி போதாமல் போகலாம். செட்டுக்குத் தனியாக இரண்டாவது பெட்டரி வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே போடுங்கள். அதற்கு வசதியில்லாவிட்டால் அம்பின் ரிமோட் வயரில் ஒரு சுவிட்ச் வைத்து, வண்டி நின்றதும் சப்பை அணைத்துவிடுங்கள். கதவு ஸ்பீக்கர்கள் மட்டும் பாடினால் 2 ஆம்பியர் அளவில் முடிந்துவிடும்.